ரெண்டு அடி முன்னால

வால்பாறைக்குங்களா? குடும்பத்தோடவா?

உக்காருங்க சார். அந்த ஸ்டூலை இழுத்துப் போட்டுக்குங்க. லென்ஸ் ரெண்டையும் அப்படியே கண்ணாடி மேல வைங்க, ஒண்ணும் ஆகாது. மத்தியானம் மூணு மணி வரைக்கும் இந்தக் கடைக்கு ஒரு ஈ காக்கா வராதுங்க.

நீங்க கேட்டது எல்லாரும் கேக்கறதுதான். ஊருக்குப் போறப்பவும் ஆகோணும், வீட்ல புள்ளைகளைப் புடிக்கறதுக்கும் ஆகோணும், கழுத்தும் வலிக்கக் கூடாது. பழைய மாதிரிப் பெரிய கேமரா வாங்கறதா, இந்தச் சின்ன மிரர்லெஸ்ஸா. தூரத்துல இருக்கறதைக் கிட்ட இழுக்கற ஜூமா, இழுக்காத இந்தக் குட்டி முப்பத்தஞ்சு எம்.எம். லென்ஸா. இருபத்தாறு வருசமா இதுக்குப் பதில் சொல்லிட்டிருக்கறனுங்க. முன்னயெல்லாம் யோசிக்கவே மாட்டேன். இந்தக் குட்டியை எடுத்துக் கையில குடுத்து, இது போதுமுங்க, வேணும்னா ரெண்டு அடி முன்னால போங்கன்னு சொல்லிருவேன். வாங்கிட்டுப் போனவங்க ஒருத்தரும் குறை சொன்னதில்லை.

இப்பச் சொல்றதில்லைங்க. நீங்க ஜூமே எடுத்துக்குங்க. எடை கொஞ்சம் சாஸ்தி, தூக்கிக்குங்க. வால்பாறையில காரை விட்டு எறங்காதீங்க.

ஏன்னு கேக்கறீங்களா? சொல்றனுங்க. உங்களை எனக்குத் தெரியாது, என்னை உங்களுக்குத் தெரியாது. அதனாலயே சொல்லலாம்.

குழந்தைவேலுன்னு ஒருத்தருங்க. சிங்காநல்லூர்ல வீடு. பம்பு கம்பெனியில டிராயிங் போடற உத்தியோகம். முப்பத்தெட்டு வயசுக்கு ஆள் நெம்ப அமைதி. மொத மொத சித்திரையில கடைக்கு வந்தார். நீங்க உக்காந்திருக்கற ஸ்டூல்லதான் உக்காருவார். ஒரு கேமராவை எடுத்துக் குடுத்தா, மொதல்ல கர்ச்சீப்புல கையைத் தொடச்சுக்குவார், அப்பறந்தான் தொடுவார். அந்த மாதிரி ஆளுங்க.

நாலு மாசம் வந்தார் சார். சனிக்கிழமை சனிக்கிழமை வருவார், பார்ப்பார், போயிருவார். ஒரு பெரிய தாள்ல கோடு போட்டுக் கட்டம் கட்டி வச்சிருந்தாருங்க. டிராயிங் போடற கையில்ல, கட்டமெல்லாம் அச்சடிச்ச மாதிரி இருக்கும். இந்தக் கேமரா எத்தனை கிராம், அந்தக் கேமரா எத்தனை கிராம், பேட்டரி எத்தனை படம் தாங்கும், மழைத் தண்ணி பட்டா என்னாகும், எல்லாம் அதுல இருந்துச்சு. ஓரத்துல பென்சில்ல 'கோகிக்கு: எடை?'ன்னு எழுதியிருந்தார். கோகின்னா அவர் சம்சாரம், கோகிலவாணி. ஒரே பொண்ணு, ரெண்டாவது படிச்சிட்டிருந்துச்சு.

"வருசா வருசம் பொங்கல் லீவுக்கு எங்கயாச்சும் போறதுங்ணே. பத்து வருசமாப் போறோம். ஒரு உருப்படியான படம் கெடையாது. எல்லாம் போன்ல எடுத்தது, எது எந்த ஊருன்னே தெரியறதில்லை"ன்னார். "ஒண்ணே ஒண்ணு வாங்கறது, சரியா வாங்கிரோணும்."

நெம்ப யோசிச்சுக் கடைசியில மிரர்லெஸ் பாடியும், பதினெட்டு-முன்னூறு ஜூமும்னு முடிவு பண்ணினார். வீட்டுக்காரம்மாவுக்கு அது அவ்வளவாப் புடிக்கலை. ஒருநாள் ரெண்டு பேரும் கடைக்கு வந்திருந்தாங்க. அந்த ஜூமை முழுசா நீட்டிக் காட்டினேன். அந்தம்மா சிரிச்சுட்டாங்க.

"ஏனுங்க, இது பீரங்கி மாதிரி இருக்குது. மலையில நான் புள்ளையத் தூக்கறதா, இதைத் தூக்கறதா?"

கேலிதானுங்க. அவரும் சிரிச்சார். நானும்தான் சிரிச்சேன்.

ஆவணியில ஒரு சனிக்கிழமை வாங்கறதுக்கே வந்துட்டார். பையோட வந்தார். அன்னைக்குப் பார்த்து அந்த ஜூம் கடையில இல்லைங்க. தீந்துபோச்சு. சென்னையில இருந்து வர நாலு நாள் ஆகும். நாலு நாள்னு சொன்னா என்னங்க ஆகும்? நாலு மாசம் யோசிச்ச மனுசன், மறுபடியும் மொதல்ல இருந்து யோசிப்பார். இல்லைன்னா அடுத்த தெருவுல வேற கடை இருக்குது.

அதனால இந்தக் குட்டியை எடுத்துக் கையில குடுத்தேன். எட்டு மாசமா ஷோகேஸ்ல இருந்துச்சு. யாரோ மாத்திட்டுப் போனது, ஆனாப் புதுசு மாதிரி. நான் பொய் சொல்லி ஒரு பொருள் வித்ததில்லை சார். அன்னைக்குச் சொன்னதும் பொய் இல்லை. "ஜூம் போட்டா ஆளு சோம்பேறி ஆயிருவான் சார். நின்ன எடத்துல நின்னுட்டே இழுப்பான். படத்துல உசுரு இருக்காது. இது இருக்குது பாருங்க, இது உங்களைக் கிட்டப் போக வைக்கும். வேணும்னா ரெண்டு அடி முன்னால போங்க. பத்தலையா, இன்னும் ரெண்டு அடி." நான் நம்பற விசயந்தானுங்க இது. என்ற கல்யாணத்துக்கு முன்னாடி இருந்து இதை வச்சுத்தான் நானும் படம் எடுக்கறேன்.

அவர் தாளைப் பார்த்தார், லென்ஸைப் பார்த்தார். "மிருகமெல்லாம் எடுக்கோணும்னா?"ன்னு கேட்டார். கேட்டாருங்க, இல்லைன்னு சொல்ல மாட்டேன்.

"மிருகம் எத்தனை நாள் பார்க்கப் போறீங்க? வருசத்துல ஒருநாள். பொண்டாட்டி புள்ளையத் தெனமும் பார்க்கறீங்க"ன்னேன்.

அது அவருக்குப் புடிச்சுப் போச்சு. வாங்கிட்டார்.

அதுக்கப்பறம் அஞ்சு மாசம், சார், அந்த மனுசன் சந்தோசமா இருந்தார். அதைச் சொல்லியே ஆகோணும். ரெண்டு வாரத்துக்கு ஒருக்கா வந்து படம் காட்டுவார். மொதல்ல எடுத்ததெல்லாம் தூரத்துல இருந்து. கூச்ச சுபாவம், ஆளுககிட்டப் போகவே மாட்டார். பூக்காரம்மா படம்னு காட்டுவார், பார்த்தா ரோட்டுக்கு அந்தப் பக்கம் பொட்டு மாதிரி இருப்பாங்க. "போங்க சார், கிட்டப் போங்க"ன்னு நாந்தான் சொல்லிட்டே இருப்பேன். போகப் போகப் பழகிட்டார். புள்ள முன்பல்லு விழுந்த வாயோட சிரிக்கறது. அந்தம்மா இட்லித் துணியை உதர்றப்ப முகத்துல தெறிக்கற தண்ணி. நல்லாத்தான் இருந்துச்சு. நெம்ப நல்லா இருந்துச்சு. நானே நாலு பேருகிட்டச் சொன்னேன், பம்பு கம்பெனிக்காரர் ஒருத்தர் எடுக்கறார், எல்லாம் நான் சொல்லிக் குடுத்ததுன்னு.

பொங்கலுக்கு வால்பாறை போனாங்க.

அங்க நடந்ததை நான் பார்க்கலைங்க. அவங்க போன வாடகை வண்டி டிரைவர் சொன்னதுதான். காலையில ஏழு மணி. டீ எஸ்டேட் ரோட்டுல வண்டி வளைஞ்சதும், கீழ சரிவுல ஆனை. ஒரு பெருசு, ஒரு குட்டி. தூரந்தானாம், நல்ல தூரம். டிரைவர் வண்டியை நிறுத்தி, கண்ணாடியை ஏத்திட்டார். புள்ளையும் அம்மாவும் பின்னாடி சீட்டு. இவர் மட்டும் கதவைத் திறந்து எறங்கியிருக்கார். டிரைவர் வேண்டாம் சார்ன்னிருக்கார். "ஒரே ஒரு படம்"னாராம். எடுத்திருக்கார். எடுத்ததைப் பார்த்திருக்கார். படத்துல ஆனை எத்தினியூண்டு இருந்திருக்கும், எனக்குத் தெரியுமே. அப்பறம் செடிக்கு நடுவுல எறங்கியிருக்கார். ரெண்டு அடி வைப்பாராம், நின்னு பார்ப்பாராம். மறுபடி ரெண்டு அடி. அந்தம்மா வண்டிக்குள்ள இருந்து கூப்பிட்டிருக்காங்க. திரும்பாம, கையை மட்டும் பின்னால காட்டி, இருங்கற மாதிரி ஆட்டினாராம்.

ஆனை ஓடி வந்த வேகத்துக்கு மனுசன் என்னங்க பண்ண முடியும். புள்ள பார்க்காம அந்தம்மா புள்ளையோட முகத்தை மடியில அழுத்திப் புடிச்சிருக்காங்க. அது ஒண்ணுதான் அவங்களால முடிஞ்சுது.

பேப்பர்ல என்ன போட்டான் தெரியுமுங்களா? 'யானையுடன் செல்ஃபி எடுக்க முயன்றவர் பலி'ன்னு போட்டான். செல்ஃபி! அந்த ஆளு கையில போனே இல்லைங்க. போன் வண்டியில புள்ளகிட்ட இருந்துச்சு. நெட்ல அந்தச் செய்திக்குக் கீழ நூறு பேரு திமிரு, கொழுப்புன்னு எழுதியிருக்கான். கர்ச்சீப்புல கையைத் தொடச்சுட்டுக் கேமராவைத் தொடற மனுசனை. பேப்பர் ஆபீஸுக்குப் போன் பண்ணிச் சத்தம் போட்டேன். எடுத்தவன் வெச்சுட்டான்.

சிங்காநல்லூருக்குப் போனேன், மாலை போட்டேன். யாருன்னு கேட்டாங்க. கேமரா கடைன்னு சொன்னேன். யாரும் ஒண்ணும் சொல்லலை. என்னை ஏன் சொல்லப் போறாங்க?

பங்குனியில ஒருநாள், இதே மாதிரி மத்தியானம், அந்தம்மா தனியா வந்தாங்க. கடையில இன்னொருத்தர் பேட்டரி வாங்கிட்டு நின்னார். அந்தம்மா செருப்பை வாசல்ல கழட்டிட்டு வந்தாங்க. கடைக்குள்ள யாருங்க செருப்பைக் கழட்டறா?

"ஏனுங்ணா, என்னை அடையாளம் தெரியுதுங்களா?"

"தெரியுதுங்கம்மா. உக்காருங்க."

உக்காரலை. பைக்குள்ள இருந்து அந்தக் கட்டம் போட்ட தாளை எடுத்து விரிச்சாங்க. "இது அவர் எழுதுனது. இதுல எதுக்கு டிக் போட்டிருக்கார்னு சொல்லுங்க. எனக்கு வெளங்கலை."

பார்த்தேன். "ஜூமுக்குங்கம்மா."

"வாங்கிட்டு வந்தது?"

"ஜூம் இல்லாதது."

"இந்தப் பெருசா இருந்தா தூரத்துல இருந்தே எடுத்திருக்கலாமுங்களா?"

"எடுக்கலாமுங்க."

"வண்டிக்குள்ள உக்காந்துட்டே?"

"எடுக்கலாமுங்கம்மா"ன்னேன்.

தாளை நீவி விட்டுட்டே இருந்தாங்க. அப்பறஞ் சொன்னாங்க. "அன்னைக்கு இதே எடத்துல நின்னுதான் பீரங்கின்னு கேலி பண்ணினேன். வீட்லயும் அதையேதான் சொல்லிட்டிருந்தேன். வாங்கிட்டு வந்தன்னைக்கு, ஏன் சின்னதா வாங்கினீங்கன்னு கேட்டேன். கடைக்காரர்தான் இதே போதும்னுட்டார்னு சொன்னாருங்ணா. அது நெசமுங்களா? இல்ல, என்ற மனசு சங்கடப்படக் கூடாதுன்னு அப்படிச் சொன்னாரா? அது ஒண்ணைத் தெரிஞ்சுக்கத்தான் பஸ் ஏறி வந்தேன்."

சார், கேள்வி அவ்வளவுதான். ஆமாங்கம்மா, நாந்தான் சொன்னேன்னு சொல்லியிருந்தா முடிஞ்சுது. அந்தாளு பேட்டரியைப் பையில போட்டுட்டு நின்னு கேட்டுட்டிருந்தார். அந்தம்மாவோட அண்ணன் ஒருத்தர் வக்கீலுன்னு எனக்குத் தெரியும். அதெல்லாம் அந்த நேரத்துல நெனச்சனான்னு கேட்டா, தெரியலைங்க. வாய் அதுபாட்டுக்குப் பேசிருச்சு.

"அவரேதாங்கம்மா கேட்டு வாங்கினார். பெருசு வேண்டாம், வீட்ல எடை சாஸ்திங்கறாங்கன்னு சொன்னார்."

பாருங்க, 'எடை'ங்கற அந்த வார்த்தை வரைக்கும் சொன்னேன். அந்தத் தாள்ல பென்சில்ல எழுதியிருந்ததை அப்பத்தான் திரும்பப் பார்த்திருந்தேன்.

அந்தம்மா அழுகலை. தாளை நாலா மடிச்சாங்க. "சரிங்ணா. நான் நெனச்சேன். அவர் அப்படித்தான், எனக்காகப் பொய் சொல்லுவார்"ன்னாங்க. வர்றனுங்ணான்னு கும்பிட்டுட்டு வாசலுக்குப் போனாங்க. செருப்பை மாட்டறதுக்கு நெம்ப நேரம் ஆச்சு. கால் உள்ளயே போகலை.

என்ற பொண்டாட்டி பூங்கோதைகிட்டச் சொன்னேன். அவ அடுப்பை அணைச்சுட்டு வந்து நின்னா. "உண்மையச் சொல்லியிருந்தா உங்களைத் தூக்குலயா போட்டிருவாங்க?"

"ஆனை மிதிச்சதுக்கு நான் என்னடி பண்ணுவேன்?"

"ஆனையை யாரு கேட்டா? அந்தப் பொம்பள உங்ககிட்ட ஒண்ணே ஒண்ணு கேட்டிருக்குது."

நாலு மாசம் அவ அதையே சொன்னா. அப்பறம் சொல்றதை விட்டுட்டா. விட்டதுக்கப்பறந்தான் எனக்கு இருப்புக் கொள்ளலை. ஆடியில ஒருநாள் கடையைச் சாத்திட்டு உடுமலைக்குப் பஸ் ஏறினேன். அந்தம்மா அங்க தன்னோட அம்மா வீட்டுக்கு வந்துட்டாங்கன்னு கேள்விப்பட்டிருந்தேன். ஒரு ஸ்கூல்ல கிளார்க் வேலை. காத்துன்னா காத்து, வீட்டுக்குள்ள பேசறதே கேக்கலை. ஜன்னலைச் சாத்திட்டு உக்கார வச்சாங்க. காப்பி குடுத்தாங்க. புள்ள உள்ள ரூம்ல வாய்விட்டுப் படிச்சிட்டிருந்துச்சு.

சொல்லிட்டனுங்க. எல்லாத்தையும் சொல்லிட்டேன். அவர் பெருசு வாங்கத்தான் வந்தார், நாந்தான் பேசி மாத்தினேன், நீங்க சொன்னதுக்கும் அதுக்கும் சம்மந்தமே இல்லை, அன்னைக்குக் கடையில நான் சொன்னது பொய். ஒரு வார்த்தை விடலை.

அந்தம்மா என்னையே பார்த்துட்டிருந்தாங்க. கோவம் வரும், ரெண்டு பேச்சு பேசுவாங்க, வாங்கிக்கலாம்னுதான் போயிருந்தேன். வரலைங்க.

"இதைச் சொல்லறதுக்கா இம்புட்டுத் தூரம் வந்தீங்க?"ன்னாங்க. கண்ணுல தண்ணி. "எங்க அண்ணன் சொல்றார், அது விதின்னு. டிரைவர் சொல்றார், தாந்தான் வண்டியை நிறுத்தியிருக்கக் கூடாதுன்னு. ஆளுக்கு ஒண்ணு சொல்லி என்னைத் தேத்தறாங்க. இப்ப நீங்க."

"தேத்தறதுக்கு இல்லைங்கம்மா. நெசமாலுமே நாந்தான்..."

"அன்னைக்குக் கடையில கேட்டப்ப நீங்க யோசிக்கவே இல்லைங்ணா. கேட்டதும் சொன்னீங்க. யோசிக்காமச் சொன்னதுதான் நெசம். இது நீங்க நாலு மாசம் யோசிச்சுக் கொண்டாந்தது." மூக்கை முந்தானையில தொடச்சுட்டு, சிரிக்கக் கூடச் செஞ்சாங்க. "நீங்களும் அவர் மாதிரியே இருக்கீங்க. எனக்காகப் பொய் சொல்றீங்க."

என்னென்னமோ சொல்லிப் பார்த்தனுங்க. ஒண்ணும் ஏறலை. கெளம்பறப்ப புள்ளையக் கூப்பிட்டு, "அப்பாவுக்குத் தெரிஞ்ச மாமா, நெம்ப நல்லவங்க, கும்பிட்டுக்கோ"ன்னாங்க. அந்தப் புள்ள என் கால்ல விழுந்து கும்பிட்டுச்சு சார். பல்லு மொளைச்சிருந்துச்சு.

பஸ்ல வர்றப்ப எனக்குக் கோவங்கோவமா வந்துச்சு. நான் உண்மையச் சொல்லியாச்சு. வேலையை விட்டுப் போய்ச் சொல்லியாச்சு. நம்பலைன்னா நான் என்ன பண்றது? நீங்களே சொல்லுங்க. அதுக்கு மேல ஒரு மனுசன் என்ன பண்ணுவான்?

சாட்சியா? இருக்குதுங்க. ஏன் இல்லாம.

இருங்க, கண்ணாடியை மாட்டிக்கறேன். இந்தாங்க, என் போன்லயே படிங்க. அந்த ஆவணி மாசம், வாங்க வர்றதுக்கு முன்னால புதன்கிழமை அவர் அனுப்பினது. 'அண்ணே, வீட்டில் பேசிவிட்டேன். கோகி உங்கள் இஷ்டம் என்று சொல்லிவிட்டாள். ஜூமையே எடுத்து வைக்கவும். சனிக்கிழமை வருகிறேன்.' அவர் அப்படித்தாங்க, மெசேஜ் கூடச் சுத்தமா எழுதுவார்.

அதுக்குக் கீழ இருக்கறது என் பதில். ஆமாங்க. 'எடுத்து வச்சாச்சு சார்.' எடுத்துத்தான் வச்சிருந்தேன். பேர் எழுதி ஒட்டி, இந்த அலமாரியில வச்சிருந்தேன். வெள்ளிக்கிழமை கல்யாணப் படம் எடுக்கற ஒருத்தர் வந்து அவசரம்னு நின்னார். பெரிய வாடிக்கை. பேரைக் கிழிச்சுட்டு அவருக்குக் குடுத்துட்டேன். தீந்துபோச்சுன்னு நான் சொன்னது அதைத்தான்.

உடுமலையில காட்டலைங்க. போன் சட்டைப் பையிலதான் இருந்துச்சு. அந்தம்மா நம்பலைன்னதும் கை பைக்குப் போச்சு. மேல இருக்கறதை மட்டும் காட்ட முடியாதே சார், கீழ இருக்கறதும் தெரியுமில்ல. அதுவுமில்லாம, நெம்ப நல்லவங்கன்னு சொல்றாங்க. என்னை ஒருத்தர் அப்படிச் சொல்லி எத்தனை வருசம் ஆச்சுன்னு ஒரு நெனப்பு. கையை எடுத்துட்டேன்.

தீபாவளிக்கு அவங்ககிட்ட இருந்து வாழ்த்து வந்துச்சு. 'உங்களை நினைக்காத நாள் இல்லை அண்ணா'ன்னு போட்டிருந்தாங்க. நானும் ஒரு விளக்குப் படம் அனுப்பி வச்சேன். அவங்க நம்பர் இதே போன்லதான் இருக்குது. இந்த மெசேஜை அந்த நம்பருக்குத் தள்ளிவிட எத்தனை நேரம் ஆகுமுங்க? ரெண்டு தட்டு.

உடுமலை போயிட்டு வந்து பத்து மாசம் ஆச்சு சார்.